மடங்காத கால்

பிளாஸ்டர் இறுகப் பதினைந்து நிமிடம் ஆகும்.
ஆடாதீர்கள் என்றேன்.
முக்ததிர் கைகளை மட்டும் ஆட்டினார்.
சட்டைப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு வந்தது,
எல்லாம் பழைய பயணிகள் விமானங்களின் படம்.

பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.
மாட்டுத் தோலில் முள் கீறிய தழும்பைத்
தடவியே சொல்லிவிடுகிற விரல்.
அழகானவற்றை மீந்த தொடைமேல் அடுக்கினார்.
அசிங்கமானவை என் மேசையில்,
ரம்பத்துக்குப் பக்கத்தில்.

"கான்ஸ்டலேஷன். ஒரு கோடாவது நேரா இருக்கா பாருங்க.
விரால் திரும்புற மாதிரி முதுகு. வால் மூணு."
எதுக்கு மூணு?
"கொட்டகைக் கூரை தாழ்வாம்.
ஒத்தை வால்னா உசந்துபோய் இடிக்குமாம்."
குனிந்து நுழைய வேண்டியிருந்ததால்
வந்த அழகு.

அடுத்தது காமெட்.
எஞ்சின் நான்கும் இறக்கையின் வேருக்குள்.
வெளியே எதுவும் தொங்காமல்
கம்மல் கழற்றிய காதுபோல் சுத்தம்.
அந்தப் படத்தை மட்டும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.
"ஜன்னல் சதுரம் மேடம். அதான்."
ஏறும்போதெல்லாம் உடம்பு உப்பி
இறங்கும்போதெல்லாம் வற்றி
ஏதோ ஒரு மூலையில் மயிரிழை விரிசல்.
வானத்திலேயே பிரிந்துபோனது.

நான் அரத்தை எடுத்துக் காட்டினேன்.
நாள் முழுக்க நான் ராவுவது மூலைகளைத்தான்.
சாக்கெட்டில் ஒரு முனை மிச்சமிருந்தால்
மூன்றாம் நாள் புண்ணோடு வருவார்கள்.

"அப்ப இதைப் பாருங்க":
இறக்கைக்கு மேல் இறக்கை, நடுவே கம்பி, கட்டை, முட்டு.
சாரம் பிரிக்காத வீடு ஒன்று
அப்படியே எழுந்து போன மாதிரி.
ஹேண்ட்லி பேஜ்.
"சண்டைக்கு முன்னால பறந்த வருஷமெல்லாம்
ஒரு பயணிகூட சாகலையாம். இருந்தாலும்
மூஞ்சி, மேடம், மூஞ்சி!"

எல்லாவற்றிலும் அசிங்கம்?

கட்டின் அடியிலிருந்து எடுத்தார். பிரிஸ்டல் ஃப்ரைட்டர்.
தவளை வயிறு.
மூக்கு இரண்டு கதவாகத் திறந்தால் உள்ளே கார் போகும்.
"காலை மடக்கத் தெரியாது இதுக்கு.
எவ்வளவு உசரம் போனாலும்
தொங்கப்போட்டுக்கிட்டே போவும்."
சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
அவர் சீட்டில் என் கையெழுத்து:
முட்டி, பூட்டு வகை. நடக்கையில் மடங்காது.

இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. சொன்னேன்.

அவர் படங்களைச் சேர்த்தார்,
அழகு எது அசிங்கம் எது என்று பார்க்காமல்.
ரப்பர் பேண்ட் அறுந்தது.
என் தலைமுடிப் பட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.

*

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை, அழகில்லாத பெண்கள்
என்று எங்கள் வேலூருக்கு ஒரு சொலவடை உண்டு.
கேட்டுக் கேட்டு எனக்கு அது உறைப்பதில்லை.
ஓடுதளம் உண்டு, விமானம் இல்லை என்பது
நானே சேர்த்துக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்துல்லாபுரத்தில்,
வேலியை ஒட்டிய மண்பாதையில் முக்ததிர் நடந்தார்.
அலுமினியக் குழாய், ரப்பர் பாதம்.
தோல் நிற உறை போட்டுத் தருகிறேன் என்றதற்கு
வேண்டாம் என்றிருந்தார்,
எடை கூடும் என்று. அவ்வளவுதான் காரணம்.
காலைப் பக்கவாட்டில் வீசி, ஊன்றி,
வீசி, ஊன்றி.
உள்ளே கான்கிரீட் வெடிப்பில் இரண்டு ஆடுகள்
தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.

வேர்த்து நின்றபோது கேட்டேன்:
ஃப்ரைட்டர் இப்ப எத்தனாவது இடம்?

"கடைசிதான். அழகுன்னு பொய் சொல்லணுமா?"
முட்டிப் பூட்டை நெம்பிவிட்டுக் கல்லில் உட்கார்ந்தார்.
வெயில் ஏறியிருந்தது.
"அந்த மூலையில ஒரு கொட்டகை தெரியுதே,
அது எவ்வளவு தூரம் இருக்கும்?"

முந்நூறு அடி என்றேன். கூடவே இருக்கும்.

பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. டொக்.